எழுதியவாறே ஒலிக்கும் மொழியா? இத்தாலிய எழுத்துப்பிழைகள் குறித்துச் சில குறிப்புகள்

இத்தாலிய மொழியைக் கற்கத் தொடங்குபவர்க்கு முதல் வகுப்பிலேயே ஓர் ஆறுதல்மொழி கூறப்படுவதுண்டு. ஆங்கிலமும் பிரெஞ்சும் போல இம்மொழி கற்பவரை ஏமாற்றாது. எழுதியுள்ளவாறே ஒலிக்கலாம், ஒலிப்பதை அவ்வாறே எழுதலாம் என்பதே அது. இக்கூற்றில் பெருமளவு உண்மை உண்டு. ஆயின் அது முழு உண்மையன்று. முழு உண்மையாக இருந்திருப்பின் இத்தாலியப் பள்ளி ஆசிரியரின் கையில் இருந்த புகழ்பெற்ற பென்சிலுக்கு வேலையே இருந்திராது. அப்பென்சிலின் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிறு பிழைக்குச் சிவப்புக் கோடு. பொறுக்கலாகாப் பிழைக்கு நீலக் கோடு. ‘நீலப் பென்சில் பிழை’ என்னும் தொடர் இன்றும் இத்தாலியர் பேச்சில் வழங்குகின்றது.

இந்திய ஆய்வியல் துறையின் இதழில் இத்தாலிய எழுத்திலக்கணத்துக்கு என்ன வேலை என வாசகர் வினவலாம். நாம் இன்று எழுதும் தமிழ் எழுத்து வடிவில் இத்தாலியர் ஒருவரின் கை பதிந்திருக்கின்றது என்பது ஒரு காரணம். இத்தாலியர் இடறும் இடங்கள் பலவற்றில் நம் மாணவரும் இடறுகின்றனர் என்பது மற்றொன்று. இக்கட்டுரை இத்தாலிய மொழியைக் கற்பிக்க முனையவில்லை. பிழைகள் எங்கே பிறக்கின்றன, அவற்றுக்கு யார் விலை கொடுக்கின்றனர் என்பதை மட்டும் சற்று இளைப்பாறிய நடையில் காண முற்படுகின்றது.

உணவகப் பட்டியலில் இத்தாலியம்

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் காப்பிக்கடைப் பட்டியல்களின் வழியாகவே நம்மில் பலர் இம்மொழியைச் சந்திக்கின்றோம். வாட்டிய ரொட்டியின்மேல் தக்காளி வைத்துத் தரும் பண்டத்தைப் ‘புருஷெட்டா’ எனக் கேட்டு வாங்குகின்றோம். இத்தாலியர் அதனைப் ‘புருஸ்கெத்தா’ என்பர். இதன் விதி எளிது. ‘சி’ எனப் பெயர்கொண்ட எழுத்து அகர, ஒகர, உகர ஒலிகளுக்கு முன் ககரமாக ஒலிக்கும். இகர, எகரங்களுக்கு முன் ‘பச்சை’ என்பதிலுள்ள சகரமாக மாறும். அவ்விரு உயிர்களுக்கு முன்னும் ககரமே வேண்டுமெனின், இடையில் ‘ஆக்கா’ என்னும் ஒலியற்ற எழுத்தைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். ஆங்கிலம் பழகிய கண் அந்த ஆக்காவைக் கண்டவுடன் ஷகரம் என எண்ணிவிடுகின்றது. விந்தை யாதெனின், தமிழர்க்கு இவ்விதி முன்னரே தெரியும். வீரமாமுனிவரின் இயற்பெயரில் உள்ளதும் இதே எழுத்துக்கோவைதான். அவரை நாம் ‘பெஷி’ என்பதில்லை. ‘பெஸ்கி’ என்றே சரியாகச் சொல்கின்றோம். பெஸ்கியைச் சரியாக ஒலிப்பவர் புருஸ்கெத்தாவைத் தவறாக ஒலிப்பதற்கு நியாயமில்லை.

‘ஞொக்கி’ என்னும் உருளைக்கிழங்கு உணவும் நமக்கு எளிது. அதன் முதலொலியை இத்தாலியர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தெழுத வேண்டியுள்ளது. நம்மிடம் அதற்கு ஞகரம் என்னும் தனியெழுத்தே உண்டு. ‘எக்ஸ்பிரெஸ்ஸோ’ என்பாரிடம் ஒன்று மட்டும் கூறலாம்: அச்சொல்லில் ‘எக்ஸ்’ இல்லை. ‘லாத்தே’ என்றால் இத்தாலியில் வெறும் பால். காப்பியை எதிர்பார்த்து அதனைக் கேட்டவர் முன் ஒரு குவளைப் பால் வந்து நிற்கக்கூடும்.

இவை வெளியார் செய்யும் பிழைகள். நம் ஆர்வம் இத்தாலியர் தம் மொழியில் தாமே செய்யும் பிழைகளின்பாற்பட்டது.

ஒற்றை மெய்யும் இரட்டை மெய்யும்

பலி, பல்லி, அணி, அண்ணி. ஒரு மெய் இரட்டித்தால் பொருள் முற்றும் மாறிவிடுகின்றது என்பதைத் தமிழ்க் குழந்தைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. இத்தாலியமும் இவ்வாறே. ‘பாலா’ மண்வாரி, ‘பல்லா’ பந்து. ‘நோனோ’ ஒன்பதாவது, ‘நொன்னோ’ பாட்டனார். ‘ஸோனோ’ இருக்கிறேன், ‘ஸொன்னோ’ தூக்கம். மெய் ஒற்றையாயின் முன்னுள்ள அழுத்தம் பெற்ற உயிர் நீள்வதும், இரட்டையாயின் குறுகுவதும் தமிழ்ச் செவிக்கு இனிதே விளங்கும். ஆங்கிலேயர்க்கு இது பெருந்துன்பம். இத்தாலியத்தில் வயதைக் கூறுவோர் ‘எனக்கு இருபது ஆண்டுகள் உண்டு’ என்னும் பொருள்படக் கூற வேண்டும். ஆண்டு என்பது ‘அன்னோ’. அதிலுள்ள னகரத்தை ஒற்றையாக்கினால் எருவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும். இருபது வயது இளைஞர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது அவையில் எழும் நகைப்புக்குக் காரணம் இதுவே.

எனினும் தமிழ் எழுத்து இங்கே முழுத் துணையாகாது. ‘சடங்கு’, ‘நிமிர்ந்த’, ‘சிரிக்கிறேன்’ என்னும் பொருளுடைய மூன்று இத்தாலியச் சொற்களைத் தமிழில் எழுதினால் ரீதோ, ரித்தோ, ரீதோ என்றே அமையும். முதற்சொல்லில் உள்ளது ஒலிப்பில்லாத ஒற்றைத் தகரம். மூன்றாவதில் உள்ளது ஒலிப்புடைய தகரம். உயிர்களுக்கிடையே ஒற்றை வல்லினத்தை நாம் மெலிவித்தே ஒலிக்கப் பழகியமையால் இவ்வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. இத்தாலியம் பயிலும் தமிழ் மாணவர் இடறக்கூடிய இடம் இது ஒன்றே எனலாம்.

இனி இத்தாலியரிடம் வருவோம். வடகிழக்கில் வெனிஸ் நகரைச் சூழ்ந்த வெனெத்தோ வட்டாரப் பேச்சில் இரட்டை மெய்கள் பெரும்பாலும் ஒற்றையாகிவிட்டன. ஆகவே அங்குள்ள சிறுவன் எந்தச் சொல்லில் ஒன்று, எந்தச் சொல்லில் இரண்டு என்பதைச் செவியால் அறிய இயலாது. கண்ணால் மனனம் செய்ய வேண்டும். உரோமாபுரியில் நிலைமை தலைகீழ். ‘காரணம்’ என்னும் பொருளுடைய ‘ரஜோனே’ என்ற சொல் அங்கே ‘ரஜ்ஜோனே’ ஆகின்றது. எழுதும்போதும் ஓர் எழுத்து கூடிவிடுகின்றது. வெனிஸ்காரர் மெய்யை விழுங்குகின்றார். உரோமாபுரிக்காரர் வட்டி சேர்த்துத் திருப்பித் தருகின்றார். பிழையைக் கொண்டே எழுதியவரின் ஊரை ஊகித்துவிடலாம் என ஆசிரியர்கள் கூறுவது இதனாலேயே.

தமிழாசிரியர் எவரும் புன்னகைக்கக்கூடிய செய்தி ஒன்று இதனையடுத்து உண்டு. இத்தாலியத்திலும் ‘வலிமிகுதல்’ போன்றதொரு வழக்கு இருக்கின்றது. ‘வீட்டுக்கு’ என்னும் பொருளில் ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல்லையும் ‘காஸா’ என்ற பெயரையும் தனித்தனியே எழுதுவர். ஆனால் நடு இத்தாலியிலும் தெற்கிலும் அதனை ‘அக்காஸா’ என்று ஒலிப்பர். தமிழ்ச் செவிக்கு யாரோ அக்காளின் வீட்டை வினவுவதுபோல் கேட்கும். ‘மூன்று வீடுகள்’ என்பதும் ‘த்ரேக்காஸே’ ஆகும். நம் இலக்கணத்தில் வல்லினம் மட்டுமே மிகும். அங்கே மெல்லினமும் இடையினமும்கூட மிகும். நாம் ‘அந்தப் பையன்’, ‘பலாப் பழம்’ என மிகுந்ததை எழுத்தில் காட்டுகின்றோம். இத்தாலியர் சொற்கள் தனித்து நிற்கும்வரை காட்டமாட்டார். இரு சொற்கள் ஒட்டி ஒரு சொல்லானால் மட்டும் காட்டுவர். ‘எல்லாவற்றுக்கும் மேலாக’ என்னும் பொருளுடைய ‘ஸோப்ரத்துத்தோ’ அவ்வாறு ஒட்டிய சொல். அதன் நடுவே இரட்டைத் தகரத்தை எழுத மறப்பது இத்தாலியர் அனைவரும் அறிந்த பிழை. வடபுலத்தார் பேச்சில் இம்மிகுதல் இல்லை. எனவே அவர்க்கு இது கேளாத ஒலியை எழுதும் சுமையாகின்றது. வல்லினம் மிகுமிடங்களை நூற்பா போல மனனம் செய்யும் நம் மாணவர் இச்சுமையை நன்கறிவர்.

வட்டார ஒலிப்பு அனைத்தும் எழுத்தில் பிழையாக வெளிப்படுவதில்லை என்பதையும் கூற வேண்டும். இலக்கிய இத்தாலியத்தின் தாயகமான புளோரன்சிலேயே உயிர்களுக்கிடைப்பட்ட ககரம் ஹகரமாக மெலிகின்றது. ‘லா காஸா’ அங்கே ‘லா ஹாஸா’. கோக்கோகோலா கேட்கும் புளோரன்சுக்காரரை ‘ஹோஹாஹோலா’ கேட்க வைத்து ஏனைய இத்தாலியர் கேலி செய்வர். ஆயினும் புளோரன்சுச் சிறுவன் எழுதும்போது இதில் பிழை செய்வதில்லை. நாம் ‘பகல்’ என எழுதிப் ‘பஹல்’ என ஒலிப்பது போல, ஓரெழுத்து தன் இரு ஒலிகளையும் தானே தாங்கிக்கொள்கின்றது.

ஐந்து எழுத்துகள், ஏழு உயிர்கள்

அழுத்தம் பெறும் அசையில் இத்தாலியத்துக்கு உயிரொலிகள் ஏழு, எழுத்துகளோ ஐந்து. எகரமும் ஒகரமும் வாய் அகன்று ஒன்றும், வாய் குவிந்து ஒன்றுமாக இவ்விரண்டு ஒலியுடையவை. ‘பெஸ்கா’ என்பதை எகரம் அகலச் சொன்னால் பழவகை; குவியச் சொன்னால் மீன்பிடித்தல். ‘பொத்தே’ அகன்றால் அடிஉதை, குவிந்தால் மதுப்பீப்பாய். எழுத்தில் வேறுபாடில்லை.

இக்குறையைக் களைய 1524ஆம் ஆண்டில் ஒருவர் முயன்றார். விச்சென்ஸா நகரத்துப் புலவர் ஜான் ஜோர்ஜோ திரிஸ்ஸினோ, கிரேக்க நெடுங்கணக்கிலிருந்து எழுத்துகளைக் கடன்வாங்கி எகர, ஒகரங்களின் ஈரொலிகளையும் பிரித்தெழுத வேண்டுமென முன்மொழிந்தார். எதிர்ப்பு அதே ஆண்டில் எழுந்தது. புளோரன்சைச் சேர்ந்த அஞ்ஞோலோ ஃபிரென்சுவோலா இப்புதிய எழுத்துகளை விரட்டியடிக்க வேண்டுமென்றே ஒரு நூல் எழுதினார். திரிஸ்ஸினோவின் கிரேக்க எழுத்துகள் நிலைக்கவில்லை.

ஏறத்தாழ 2 நூற்றாண்டுகளுக்குப் பின் மற்றுமொரு வட இத்தாலியர் இதே எகர, ஒகரச் சிக்கலை எதிர்கொண்டார். ஆனால் வேறொரு மொழியில். 1680இல் காஸ்திலியோனே தெல்லெ ஸ்திவியேரே என்னும் ஊரில் பிறந்த பெஸ்கி, தமிழகத்தில் வீரமாமுனிவரானவர். பழந்தமிழ் மரபில் குறில் எகர, ஒகரங்கள் புள்ளி பெறும்; நெடில்கள் புள்ளி பெறா. ஓலையில் எழுதுவோர் புள்ளியை இடாது விட்டமையால் குறிலும் நெடிலும் மயங்கின. ஏகாரத்துக்குக் கீழ்க்கோடும், ஓகாரத்துக்குச் சுழியும், உயிர்மெய்யில் ஒற்றைக்கொம்பினின்று வேறான இரட்டைச் சுழிக்கொம்பும் வழங்கச் செய்து அம்மயக்கத்தைத் தீர்த்த பெருமை அவர்க்குரியதாகக் கூறப்படுகின்றது. அம்மாற்றம் நிலைத்தது, இக்கட்டுரையும் அவ்வெழுத்திலேயே அச்சாகின்றது.

இரு முயற்சிகளையும் காரணகாரியமாக முடிச்சிடுவது நம் நோக்கமன்று. ஒன்று வென்று மற்றொன்று தோற்றதேன் என்பதே ஆராயத்தக்கது. எகரத்தையும் ஏகாரத்தையும் வேறுபடுத்திப் பேசாத தமிழர் எந்த ஊரிலும் இல்லை. ஆகவே வேறுபாட்டை எழுத்தில் காட்டியபோது அனைவரும் பயனடைந்தனர். இத்தாலியின் அகன்ற எகரமும் குவிந்த எகரமும் அத்தகையன அல்ல. ‘ஏன்’ என்னும் பொருளுடைய ‘பெர்கே’ என்ற சொல்லின் ஈற்றை மிலான் நகரத்தார் அகல ஒலிப்பர். புளோரன்சில் குவிய ஒலிப்பர். சிசிலிய மொழியிலோ உயிர்கள் ஐந்து மட்டுமே. திரிஸ்ஸினோ வென்றிருந்தால் சிசிலியச் சிறுவன் ஒவ்வொரு வரியிலும் பிழை செய்திருப்பான். எழுத்து சிலவற்றைக் காட்டாமல் விடுவதும் ஒருவகை அருளே என்பது நம் கருத்து.

ஒலி இறந்த பின்னும் வாழும் எழுத்துகள்

அந்த அருள் எல்லா இடத்தும் கிட்டுவதில்லை. இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகளின் முதல் எதிரி முன்னர்க் கண்ட ஆக்கா. தனித்து நிற்கும்போது அதற்கு ஒலியே இல்லை. ‘ஓர் ஆக்காவும் விளங்கவில்லை’ என்றால் ஒன்றுமே விளங்கவில்லை என்று பொருள். இலத்தீனிலிருந்து வந்த இவ்வெழுத்து ஏனைய சொற்களின் முதலிலிருந்து மறைந்துவிட, ‘உடைமை’ வினையின் நான்கு வடிவங்களில் மட்டும் எஞ்சி நிற்கின்றது. ‘அவர்களிடம் உண்டு’ என்பதும் ‘ஆண்டு’ என்பதும் ஒலியில் அன்னோ, அன்னோ தான். முன்னதற்கு ஆக்கா வேண்டும், பின்னதற்கு வேண்டா. விளைவு, கடந்த ஆண்டைக் குறிக்க வந்த சிறுவன் அதற்கும் ஓர் ஆக்காவைச் சூட்டிவிடுகின்றான். அதனை நீக்கி உயிரின்மேல் அழுத்தக்குறி இட்டெழுதினால் போதும் எனக் கூறி, அவ்வாறே எழுதியும் வந்த இத்தாலியர் உண்டு. ஊர் ஏற்கவில்லை.

அடுத்தது ‘கூ’ எனப் பெயர்கொண்ட எழுத்து. ‘குவ’ என்னும் ஒலியைச் சில சொற்களில் ‘சி’ கொண்டும், சில சொற்களில் ‘கூ’ கொண்டும் எழுத வேண்டும். ‘குவதேர்னோ’ (குறிப்பேடு) கூவால் தொடங்கும். ‘குவோரே’ (இதயம்) சியால் தொடங்கும். இலத்தீனிலேயே கூ இருந்த சொல்லில் கூ தங்கியது; இலத்தீன் ஒகரம் பிற்காலத்தில் ‘உவோ’ எனப் பிளந்த சொல்லில் சி நின்றது. காரணம் தெளிவானதே, ஆனால் ஏழு வயதுப் பிள்ளை இலத்தீன் அறிந்திருக்க வேண்டும்! பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்குவோலா’ என்ற சொல்லைக் கூவால் எழுதுவதே இத்தாலியில் கல்லாமையின் முத்திரையாகக் கருதப்படுகின்றது. நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ‘பறவை’யை இடையின ரகரத்தால் எழுதுவதும் இவ்வகையினதே. இன்றைய பேச்சில் பலர்க்கு இரண்டும் ஓரொலியாகிவிட்டன. எழுத்து மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து நிற்கின்றது. இதனிடையே ‘ஸொக்குவாத்ரோ’ என்றொரு சொல், இரட்டைக் கூவால் எழுதப்படும் அரும்பெருமையுடன் அகராதியில் வீற்றிருக்கின்றது. அதன் பொருள் ‘தாறுமாறு’.

ஒலியற்ற இகரம் குறித்து இரண்டொன்று கூறிக் கடப்போம். ‘மனச்சான்று’ எனப் பொருள்படும் ‘கொஷென்ஸா’வில் ஓர் இகரம் எழுதப்பட வேண்டும், ‘அறிவு’ எனப் பொருள்படும் ‘கொனொஷென்ஸா’வில் அது கூடாது. ஒலி இரண்டிலும் ஒன்றே. செர்ரிப் பழங்களைப் பன்மையில் எழுதும்போது இகரம் வேண்டுமா என்ற ஐயத்துக்கு, 1949இல் மொழியறிஞர் புருனோ மிலியொரீனி எளிய விதியொன்று தந்தார்: முன்னே உயிர் நின்றால் இகரம் உண்டு, மெய் நின்றால் இல்லை. இன்று நீலக்கோடு பெறும் சில வடிவங்கள் அதற்கு முன் நல்ல எழுத்தாளர் நூல்களில் வழங்கியவையே.

மேற்புறச் சிறுகுறியின் கதை இன்னும் சுவையானது. கற்பிப்பவரைக் குறிக்கும் ‘இன்ஸெஞ்ஞாந்தே’ என்ற சொல் இருபாற்கும் பொது. அதற்கு முன் ‘ஒரு’ என்னும் பொருளில் ‘உன்’ என எழுதிச் சிறுகுறி இடாவிட்டால் ஆசிரியர், இட்டால் ஆசிரியை. ஒலியில் அணுவளவும் வேறுபாடில்லை. ‘எது’ எனக் கேட்கும் ‘குவால் ஏ’ என்ற தொடரில் அக்குறியை இடுவது பிழையென இலக்கண நூல்கள் ஒருமுகமாக விதிக்கின்றன. ஆயினும் 1934இல் நோபல் பரிசு பெற்ற பிரந்தெல்லோவின் எழுத்தில் குறியிட்ட வடிவம் உண்டென்று அப்பிழை செய்வோர் மேற்கோள் காட்டுவர்.

பென்சில் யார் கையில்?

இதுவரை நகைச்சுவையாகவே பேசினோம். ஆனால் இப்பிழைகள் எல்லார்க்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

1861இல் இத்தாலி ஒரே நாடாக இணைந்தபோது, மக்கள்தொகையில் ஏறத்தாழ 2.5 விழுக்காட்டினரே இத்தாலியம் பேச வல்லவராக இருந்தனர் என்பது துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியிட்ட ஆய்வின் கணிப்பு. அர்ரிகோ காஸ்தெல்லானி பின்னர் அதனைப் பத்து விழுக்காட்டுக்கு அருகே உயர்த்தினார். எவ்வாறாயினும், மிகப் பெரும்பாலோர்க்கு இத்தாலியம் தாய்மொழியன்று. பள்ளியில் எதிர்ப்பட்ட மொழி. இத்தாலிய வானொலி தொலைக்காட்சி நிறுவனம் 1960 முதல் 1968 வரை ஆல்பெர்த்தோ மான்ஸி என்ற ஆசிரியரைக் கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலைதோறும் பாடம் நடத்த வேண்டியிருந்தது. அவர் கரிக்கோலால் பெரிய தாளில் படம் வரைந்து எழுத்துகளைக் கற்பித்தார். இது நிகழ்ந்தது நம் பெற்றோர் தலைமுறையில் என்பதை மறத்தலாகாது.

அக்காலத்திலேயே, புளோரன்சுக்கு வடக்கேயுள்ள பார்பியானா என்ற மலைச்சிற்றூரில், தொன் லொரென்ஸோ மிலானி என்ற பாதிரியார், அரசுப் பள்ளி தோற்கடித்து அனுப்பிய உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அம்மாணவர் எண்மர் சேர்ந்தெழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ 1967 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதமே மிலானி மறைந்தார். அந்நூலில் ஜான்னி என்றொரு சிறுவன் வருகின்றான். உடைமை வினைக்கு ஆக்கா இட வேண்டுமென்பது எவ்வளவு சொல்லியும் அவனுக்குப் பதியவில்லை. உழைப்பைப் பற்றியும் குடும்பங்களைப் பற்றியும் ஊரின் நடப்பைப் பற்றியும் அவன் அறிந்தவை மிகுதி. பள்ளி அளந்தது ஆக்காவை. மருத்துவர் மகனான பியெரீனோவோ, வீட்டிலேயே நூல்மொழி கேட்டு வளர்ந்தமையால் இவ்வினாக்களை எதிர்கொள்ளும் தேவையே இன்றி வகுப்பேறிச் செல்கின்றான். இலக்கிய மொழியின் தாயகமான டஸ்கனியில் பிறந்த பிள்ளைகளுக்கே இந்நிலை எனின், வெனெத்தோவிலும் சிசிலியிலும் எவ்வாறிருந்திருக்கும்?

இந்நூலின் தாக்கம் பெரிது. தெ மௌரோவும் அவரைச் சார்ந்த மொழியியலாளரும் 1975இல் வெளியிட்ட பத்துக் கோட்பாடுகள், பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சை அழிக்காது அதனின்று தொடங்கியே பொதுமொழியைக் கற்பிக்க வேண்டுமென வற்புறுத்தின. மறுபுறமும் ஓயவில்லை. 2017 பிப்ரவரியில் பல்கலைக்கழக ஆசிரியர் ஏறத்தாழ 600 பேர் கையொப்பமிட்டு அரசுக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு கடிதம் விடுத்தனர். தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலேயே பொறுத்துக்கொள்ள அரிதான பிழைகளைப் பல்கலைக்கழக மாணவர் செய்கின்றனர் என்பது அவர்தம் முறையீடு. எழுத்துக்கூட்டலும் சொல்வதெழுதலும் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டுமென்று கேட்டனர். பார்பியானாவின் வழிவந்தோரே இத்தளர்ச்சிக்குக் காரணமென அவ்விவாதத்தில் சிலர் குற்றம் சாட்டினர். மிலானி தம் மாணவரைப் பிழையோடு விட்டுவிட்டார் என்பதுபோல் அவர்கள் பேசியது நியாயமன்று. ஆண்டு முழுதும் விடுமுறையின்றிச் சொல்லுக்குச் சொல் தேடி, எழுதியதைக் கூட்டாகத் திருத்தித் திருத்தி எழுதவைத்த பள்ளி அது. பிழையைத் திருத்துவதைப் பார்பியானா கைவிடவில்லை. திருத்தும் பென்சிலைக் கொண்டு ஒருவனை வெளியேற்றுவதையே எதிர்த்தது.

நீலக் கோட்டைப் பெறும் பிழைகளை ஒருமுறை நோக்குவோம். ஆக்காவை விடுதல், பள்ளியைக் கூவால் எழுதுதல், மெய்யை ஒற்றையாக்குதல் ஆகியவை வீட்டில் நூலில்லாதவன் செய்பவை. பிரந்தெல்லோவைச் சான்று காட்டும் சிறுகுறிப் பிழைக்கோ சிவப்பே போதுமென விட்டுவிடுவாரும் உண்டு.